பெட்ரோல் காக் துளையில் எம்6 டேப் உடைந்து நின்றால்

கேள்வி இது. ஏற்காட்டில் பல வருடம் ஷெட்டில் நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. பெட்ரோல் காக்கை, அதாவது டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று துருவேறித் தலை முறிந்துவிட்டது. மிச்சத்தை டிரில் போட்டு எடுத்து, மரையைச் சுத்தம் செய்ய எம்6 டேப் (ஆறு மில்லிமீட்டர் மரை வெட்டும் கருவி) விட்டபோது டேப்பும் உள்ளேயே உடைந்தது. உடைந்த முகம் டேங்க் தகட்டுக்கு அரை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது, பிளையரால் பிடிக்க வழியில்லை. டேங்க்கைக் கெடுக்காமல் அதை எடுப்பது எப்படி, எடுத்தால் மரை மிஞ்சுமா?

எடுத்துவிடலாம். மரையும் பெரும்பாலும் பிழைக்கும். அதற்கு முதலில் கையில் இருக்கிற டிரில்லைக் கீழே வையுங்கள். போல்ட்டை எடுத்தது போலவே டேப்பையும் டிரில் போட்டு எடுத்துவிடலாம் என்று இறங்குவதில்தான் நிறைய டேங்க் வீணாகிறது. டேப் கடினப்படுத்திய எஃகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 62 முதல் 65 வரை வரும். கடையில் வாங்கும் எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) டிரில் பிட்டும் ஏறத்தாழ அதே கடினம்தான். பிட் முனை டேப்பைத் தொட்டதும் வழுக்கிப் பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் டேப் அப்படியே இருக்கும், அதை ஒட்டி, மரை இருக்கும் நட்டில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். உடைந்த போல்ட்டுக்குப் போடும் ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டரும் இங்கே உதவாது. அதற்கும் நடுவில் துளை வேண்டும். தப்பித்தவறி அதுவும் உள்ளே உடைந்தால் ஒன்றுக்கு இரண்டு கடினத் துண்டுகள் மாட்டிக்கொள்ளும்.

டேங்க்கின் அடியில் காக் உட்காரும் இடம் எப்படி அமைந்திருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். உள்பக்கம் ஒரு தடித்த தட்டு, அதில் காக்கின் வடிகட்டி நுழைய நடுவில் பெரிய துளை, இரண்டு பக்கமும் போல்ட்டுக்கு ஒவ்வொரு நட். இந்த நட்டுகள் உள்ளே மூடியவை. மரைத் துளை டேங்க்குக்குள் திறப்பதில்லை என்பதால்தான் போல்ட் வழியே பெட்ரோல் கசிவதில்லை. அவசரத்தில் ஆழமாகத் தோண்டி அந்த அடிச்சுவரைப் பிளந்துவிட்டால், அப்புறம் என்ன சீல் போட்டாலும் மரை வழியே சொட்டிக்கொண்டே இருக்கும். அதே போல, தட்டைப் பிடித்திருப்பது சில ஸ்பாட் வெல்டும் கொஞ்சம் பிரேசிங்கும், அதாவது உலோகக் கம்பியை உருக்கி ஒட்டிய பற்றும்தான். முரட்டுத்தனமாகத் திருகினாலோ தட்டினாலோ நட் தட்டோடு பிய்ந்து சுற்ற ஆரம்பிக்கும். டேப் போனால் வேறு வாங்கலாம், இந்த நட் கடையில் கிடைக்காது. டேப் தூள்தூளாக வெளியே வந்தாலும் சரி, நட்டின் மேல் பலம் விழக்கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கில்தான் எடைபோட்டிருக்கிறேன்.

ஆயுதத்தைத் தொடுவதற்கு முன் பெட்ரோல் ஆவியைத் தீர்த்துக்கட்டுங்கள். காலி டேங்க் என்று யாரும் அலட்சியம் செய்யக்கூடாது, நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். பத்து லிட்டர் டேங்க்குக்கு அது ஒரு மில்லிலிட்டர்கூட வேண்டாம், ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். பல வருடம் நின்ற வண்டி என்றால் சுவரில் பிசின் மாதிரி படிந்திருக்கும் பழைய பெட்ரோல் சூடு பட்டதும் மறுபடி ஆவி விடும். வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து இரண்டு மூன்று முறை குலுக்கி ஊற்றுங்கள், பிறகு வெறும் வெந்நீர். வாசனை போனதே என்று நிறுத்தாதீர்கள். டேங்க்கைத் தலைகீழாக மணல் மூட்டையின் மேல் வைத்து, மூடியின் காற்றுத் துளையை ரப்பர் வைத்து அடைத்து, காக் போன நடுத் துளை வழியே விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆவி நிற்க முடியாது. இரண்டு கைப்பிடி சலவை சோடாவைக் கரைத்து ஊற்றினால் வேலை முடியும் வரை புதுத் துரு பிடிப்பதும் குறையும். நடுத் துளையை ஒரு ரப்பர் கார்க்கால் அடைத்துவிட்டால் இரும்புத் துகளும் உள்ளே போகாது. கார்பன் பிரஷ் உள்ள கை மெஷின் எதுவும் உள்ளே பொறி விட்டுக்கொண்டுதான் ஓடும். தண்ணீர் நிரப்பாத டேங்க் பக்கம் அதை ஓட்டவே கூடாது.

அடுத்தது, உள்ளே இருப்பது எந்த டேப் என்று தெரிந்துகொள்வது. உடைந்த மறுபாதி உங்கள் கையில் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்டில் எச்எஸ்எஸ் என்று பொறித்திருந்தால் விஷயம் முடிந்தது. எழுத்து அழிந்திருந்தால், டேங்க்கிலிருந்து தள்ளிப் போய் அந்தத் துண்டைச் சாணைச் சக்கரத்தில் ஒரு நொடி காட்டுங்கள். வெளிச்சமான மஞ்சள் பொறி நீளமாகப் பறந்து, நுனியில் மத்தாப்பு மாதிரி கிளை பிரிந்தால் அது கார்பன் எஃகு. மங்கலான சிவப்பில், கிளை இல்லாமல், குட்டையாகச் சில கோடுகள் மட்டும் வந்தால் ஹைஸ்பீடு ஸ்டீல். மலிவான டேப் செட்டுகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. இது உங்களுக்கு நல்லது, ஏனென்றால் கார்பன் எஃகு டேப் நொறுங்கும் குணம் உள்ளது. ஹைஸ்பீடு கொஞ்சம் இழுபறி கொடுக்கும். கூடவே நீளவாக்கில் எத்தனை பள்ளம் இருக்கிறது என்று எண்ணுங்கள். பட்டறையில் அதை ஃப்ளூட் என்பார்கள். எம்6 கை டேப்பில் மூன்று அல்லது நான்கு இருக்கும். கருவி வாங்கும்போது இந்த எண்ணிக்கை தெரியாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டிவரும்.

டேப்பைச் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் இளகிவிடும், பிறகு டிரில் போடலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். தனியாக இருக்கும் கார்பன் எஃகுத் துண்டுக்கு அது உண்மைதான். ஹைஸ்பீடு ஸ்டீல் இளக வேண்டுமென்றால் 850 டிகிரிக்கு மேல் கொண்டுபோய், உலைக்குள்ளேயே மணிக்கணக்கில் மெல்ல ஆறவிட வேண்டும். டேங்க்கில் அந்தச் சூட்டைக் காட்டினால் பக்கத்துப் பிரேசிங் உருகும், தகடு நெளியும். ஈயப் பற்றுள்ள பழைய டேங்க்காக இருந்தால் 183 டிகிரியிலேயே பற்று வழிய ஆரம்பிக்கும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இப்போது வேலைக்கு வரலாம். முதலில் சுத்தம். பல் குத்தும் ஊசியும் அழுத்தக் காற்றும் வைத்து, டேப்பின் பள்ளங்களில் அடைந்திருக்கும் இரும்புச் சுருளை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். இதற்கு அரைமணி ஆனாலும் செலவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டேப் இறுகிப் பிடித்திருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தச் சுருள்தான். அது போனதும் துருநீக்கி எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு இரவு வையுங்கள். கியர் ஆயிலின் தம்பியான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்ததும் நன்றாக இறங்கும், ஆனால் அசிட்டோன் பற்றக்கூடியது என்பதால் பக்கத்தில் மெஷின் ஓட்டும் நாளில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

மறுநாள் டேப் எக்ஸ்ட்ராக்டர். நடுவில் ஒரு தண்டு, அதன் ஓரத்தில் மூன்று அல்லது நான்கு மெல்லிய எஃகு விரல்கள், அவற்றைக் கீழே இறுக்கிப் பிடிக்க ஒரு வளையம். விரல்களை டேப்பின் பள்ளங்களுக்குள் முடிந்தவரை ஆழமாக இறக்கி, வளையத்தை டேங்க் தகட்டைத் தொடும் அளவுக்குத் தாழ்த்துங்கள். விரல் வெளியே எவ்வளவு நீளம் தெரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் முறுக்கிக்கொள்ளும். திருகும்போது கழற்றும் பக்கமே தள்ளிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை, எண்ணெய், மறுபடி அதே. அசைவு கையில் தெரிந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான், கால் சுற்றுக்கால் சுற்றாக வந்துவிடும். அசைவே இல்லாமல் விரல் வளைந்தால் அத்துடன் நிறுத்துங்கள். எம்6 அளவில் இந்தக் கருவி எல்லா நேரமும் வெல்வதில்லை. டேப் துளையின் அடியில் முட்டி உடைந்திருந்தால் வருவதற்கு வாய்ப்பு அதிகம். கோணலான துளையில் பக்கவாட்டில் நெருக்குண்டு உடைந்திருந்தால் வாய்ப்புக் குறைவு.

கார்பன் எஃகு டேப்பாக இருந்தால் நொறுக்கி எடுக்கும் வழி இருக்கிறது. கூரான சிறு பஞ்ச், நூறு கிராம் சுத்தி, அவ்வளவுதான். பஞ்ச் முனையைப் பள்ளத்தின் ஓரத்தில் கழற்றும் திசையில் சாய்த்து வைத்து, சின்னச் சின்னத் தட்டு. துண்டு பெயரும்போது ஊசியாலும் காந்தத்தாலும் வெளியே எடுத்துவிட வேண்டும், உள்ளே விட்டால் மறுபடி ஆப்பு மாதிரி இறுகும். தட்டும் இடத்துக்கு நேர் கீழே மணல் மூட்டை அணைத்து நிற்கிறதா என்று பாருங்கள். டேங்க் குழிவாக நிற்கும் இடத்தில் தட்டினால் அதிர்ச்சி முழுவதும் ஸ்பாட் வெல்டுக்குப் போகும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது, நொறுங்கும் எஃகு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. ஹைஸ்பீடு டேப்பை இப்படி அடிக்காதீர்கள். அது நொறுங்குவதற்கு முன் நட் அசைந்துவிடும்.

வீட்டிலோ சிறு பட்டறையிலோ பொறுமையாக உட்கார்ந்து செய்ய முடிந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கார்பைடு அல்லது வைரப் பூச்சு பர், அதாவது சுழன்று தேய்க்கும் சிறு அரத் தலை. இரண்டு மில்லிமீட்டர் உருண்டைத் தலை, மூன்று மில்லிமீட்டர் தண்டு. காற்றில் ஓடும் டை கிரைண்டர் கிடைத்தால் அதுவே நல்லது. வேகம் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல். இங்கே டேப்பின் உடலமைப்பைப் புரிந்துகொண்டால் வேலை பாதியாகும். எம்6 டேப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனில் ஒரு தண்டு, அதிலிருந்து பூவிதழ் மாதிரி மூன்று நான்கு பற்கள் வெளியே நீண்டிருக்கும். மரையைத் தொட்டுக்கொண்டிருப்பவை இதழ்கள் மட்டும். நடுத் தண்டை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டால் இதழ்களுக்குப் பிடிப்பில்லை. ஆகவே பர் மரைப் பக்கம் போகவே வேண்டாம், நடுவிலேயே நிற்கட்டும். பத்து விநாடி தேய்ப்பு, ஒரு சொட்டு எண்ணெய், ஊதிவிட்டுப் பார்ப்பு, மறுபடி தேய்ப்பு. பர் பளபளவென்று சத்தமில்லாமல் சுற்றினால் அதன் வெட்டு போய்விட்டது, வேறு மாற்றுங்கள். எம்6 டேப் ஒன்றுக்கு இரண்டு மூன்று பர் ஆவது சாதாரணம். ஆழம் இறங்க இறங்கக் கைக்கு ஒரு வித்தியாசம் தெரியும். இதுவரை கல் மாதிரி எதிர்த்தது திடீரென்று கறகறவென்று தளரும். அப்போது நிறுத்தி, ஊசியை ஒரு இதழின் முதுகில் கொடுத்து நடுவை நோக்கி லேசாக நெம்பினால், நகக்கண்ணில் நிற்கும் அளவுக்கு ஒரு கறுத்த சில்லு பெயர்ந்து வரும். அதன் ஒரு ஓரத்தில் மரையின் பல் வரிசை அப்படியே தெரியும். ஒன்று வந்துவிட்டால் மற்றவை அரை நிமிட வேலை.

முழுக் கார்பைடு டிரில் பிட்டால் நடுத் தண்டைத் துளைப்பதும் இதே தத்துவம்தான், நேரமும் குறைவு. ஆனால் அது மில்லிங் மெஷினில் அல்லது ஆட்டமில்லாத பில்லர் டிரில்லில், டேங்க்கை மரத் தொட்டிலில் அசையாமல் கட்டி வைத்துச் செய்யும் வேலை. கையில் பிடிக்கும் டிரில்லில் கார்பைடு பிட்டை மாட்டினால் முதல் அசைவிலேயே ஒடியும். டேப்பைவிடக் கடினமான துண்டு உள்ளே மாட்டினால் அதற்குப் பிறகு மின்பொறியால் அரித்தெடுக்கும் ஈடிஎம் மெஷின் ஒன்றுதான் கதி.

அந்த ஈடிஎம்தான் எல்லாவற்றிலும் பத்திரமான வழி. ஸ்பார்க் எரோஷன் என்றும், கையில் தூக்கிப் போகும் வகையை டேப் பர்னர் என்றும் சொல்வார்கள். செம்பு அல்லது பித்தளைக் கம்பி ஒன்றை டேப்பின் நேர் மேலே கொண்டுவந்து, இரண்டுக்கும் நடுவே சிறு பொறிகளை ஓயாமல் விடும் மெஷின். ஒவ்வொரு பொறியும் துளியளவு எஃகை உருக்கி வெளியேற்றும். கம்பி டேப்பைத் தொடுவதே இல்லை, ஆகவே திருகலும் இல்லை, அடியும் இல்லை. எஃகு எவ்வளவு கடினம் என்பதும் அதற்குப் பொருட்டில்லை. எம்6 என்றால் மூன்று மில்லிமீட்டர் கம்பி போதும். நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினாலும் மரை பிழைக்கும். நான்கு மில்லிமீட்டர் கம்பி மாட்டினால் அந்த விட்டுக்கொடுப்பு இருக்காது. சேலத்தில் டை, மோல்டு செய்கிற டூல் ரூம்களில் விசாரியுங்கள். சாதாரண லேத் பட்டறையில் இந்த மெஷின் இருக்காது, ஆனால் யாரிடம் இருக்கிறது என்று லேத் பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

டேங்க்கைக் கொண்டுபோகும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், ஆகவே கழுவிக் காயவைத்து, போர்வையில் சுற்றி எடுத்துப் போங்கள், தண்ணீரை அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம். மின்சாரம் திரும்பிப் போக டேங்க்கில் ஓரிடத்தில் இரும்பு தெரிய வேண்டும், பெயின்ட்டை மறுபடி அடிக்கப்போகும் டேங்க் என்றால் காக் பக்கத்திலேயே ஒரு காசளவு சுரண்டிவிடுங்கள். பெரிய மெஷினில் வேலைப் பொருளை எண்ணெயில் முழுக்க வேண்டும், டேங்க் அந்தத் தொட்டியில் அடங்காது. அதனால் துளையைச் சுற்றி எம்சீல் அல்லது களிமண்ணால் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு வரப்புக் கட்டி அதற்குள் எண்ணெய் நிற்கச் செய்வார்கள். டேப் பர்னர் என்றால் கம்பியின் நடுத்துளை வழியே தண்ணீரே வரும், வரப்பு வேண்டாம். துளையின் ஆழத்தையும் டேப் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் தாளில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் நல்ல துளையில் ஒரு குச்சியை விட்டால் ஆழம் தெரிந்துவிடும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் மெஷின் டேப்போடு சேர்த்து நட்டின் அடிச்சுவரையும் தின்றுவிடும்.

படிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் அதைக் கேட்கிறார்கள். கெட்டியான படிகாரக் கரைசலைச் சூடாக வைத்திருந்தால் எஃகு கரையும், பித்தளையும் அலுமினியமும் பெரிதாகப் பாதிக்காது. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பித்தளைத் தட்டில் உடைந்த எஃகுத் திருகை எடுப்பது இப்படித்தான். அலுமினிய டேங்க்காக இருந்தால் ஒரு நாள் இரண்டு நாள் பொறுத்து இதையே செய்யலாம். உங்கள் டேங்க் எஃகு. டேப் கரைவதற்குள் மெல்லிய தகடும் மரையும் கரைந்துவிடும். வெள்ளிப் பட்டறைகளில் புழங்கும் நைட்ரிக் அமிலத்துக்கும் இதே பதில்தான், போதாக்குறைக்கு அதன் பழுப்புப் புகை நுரையீரலைப் புண்ணாக்கும்.

டேப் வெளியே வந்ததும் மரையைப் பாருங்கள். புது போல்ட்டைக் கையாலேயே விட்டுப் பார்த்தால் ஐந்து சுற்று ஆட்டமில்லாமல் இறங்கினால் போதும், காக்கைத் தாங்கும். ஒரு பக்கம் மட்டும் மரை சிதைந்திருந்தாலும் பெரும்பாலும் சமாளிக்கும். முழுவதும் போயிருந்தால் எம்8 ஆக்கிவிடலாம் என்று சொல்வார்கள். காக்கின் காதுத் துளையில் எம்8 போல்ட் நுழையாது, காதை அகலப்படுத்தினால் அது மெலிந்து உடையும். ஹெலிகாயில் போடுங்கள், அது துளைக்குள் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள். எம்6 ஹெலிகாயிலுக்கு 6.3 மில்லிமீட்டர் டிரில், அதோடு வரும் பிரத்யேக டேப், பிறகு ஒன்பது மில்லிமீட்டர் நீளச் சுருள். நட்டின் சுவர் அதற்குத் தாங்குமா என்று வெளிவிட்டத்தை முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளுங்கள். அடிச்சுவர் திறந்துவிட்டாலோ நட்டே சுற்றினாலோ, லேத்தில் மூடிய எம்6 மரையோடு ஒரு இரும்பு பாஸ் (நட்டுக்குப் பதிலாக நிற்கும் குமிழ்) கடைந்து, பழையதை எடுத்துவிட்டு அங்கே பற்றவைக்க வேண்டியதுதான். அதற்குப் பித்தளையை விட வெள்ளி பிரேசிங் கம்பி நல்லது. பித்தளை 900 டிகிரி பக்கம் கேட்கும், வெள்ளிக் கலவை 620 முதல் 700 டிகிரிக்குள் ஓடிவிடும், பக்கத்தில் இருக்கும் பழைய பிரேசிங் அசையாது. பொடி வைத்து ஊதிப் பழகிய கை உள்ள ஊர் சேலம், ஆனால் கொலுசுக்கு ஊதுவதும் டேங்க்குக்கு ஊதுவதும் வேறு. டேங்க்கைத் தண்ணீரால் நிரப்பி, பற்றும் இடத்துக்கு அடியில் மட்டும் கொஞ்சம் காற்றுவெளி விட்டுச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். காட்மியம் கலந்த கம்பி வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள், அதன் புகை விஷம்.

டேப் ஏன் உடைந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள், இரண்டாவது துளை இன்னும் மிச்சம் இருக்கிறது. எம்6 மரைக்கு 5 மில்லிமீட்டர் துளை வேண்டும். போல்ட் மிச்சத்தைத் துளைக்கும்போது பிட் ஓரம் போயிருந்தால், டேப்புக்கு ஒரு பக்கம் பழைய போல்ட், மறு பக்கம் நட், இரண்டையும் சேர்த்து வெட்ட வேண்டிய நிலை. அது சாய்ந்து ஒடியும். மூடிய துளையில் சுருள் அடியில் சேர்ந்துகொண்டே போகும், டேப் அதன் மேல் முட்டிய பிறகும் திருகினால் ஒடியும். நீளக் கைப்பிடி மாட்டினால் எம்6 தாங்காது. கைப்பிடியை இரண்டு விரலால் சுழற்றும் சின்ன டி வகையாக வைத்துக்கொள்ளுங்கள். செட்டில் வரும் மூன்று டேப்பில் முனை நீளமாகச் சரிந்ததை முதலில் விட வேண்டும், முனை மழுங்கியதைக் கடைசியில். நேராகவே அடி டேப்பை விட்டவர்கள்தான் அதிகம் உடைக்கிறார்கள்.

இன்னொன்று, மரை இருக்கிறது, துரு மட்டும்தான் என்றால் வெட்டும் டேப்பே தேவையில்லை. 8.8 தர எம்6 போல்ட் ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து நீளவாக்கில் ஆக்சா பிளேடால் எதிரெதிரே இரண்டு கோடு அறுத்து, பிசிறை அரத்தால் நீக்கிவிடுங்கள். எண்ணெய் விட்டு அதைத் திருகினால் துரு அந்தக் கோட்டில் சேரும், மரையின் இரும்பு வெட்டுப்படாது. நட்டில் அது இறுகினாலும் ஸ்பேனரால் திருப்பி எடுக்க அறுகோணத் தலை இருக்கிறது. ஒரு சுற்று உள்ளே, அரை சுற்று வெளியே, அவ்வப்போது முழுக்க வெளியே எடுத்துத் துடைப்பு. இரண்டாவது துளைக்கு இதைத்தான் செய்யுங்கள்.

காக்கின் உடல் துத்தநாக அல்லது அலுமினிய வார்ப்பு, போல்ட் எஃகு. ஏற்காட்டு மூடுபனி இந்த இரண்டுக்கும் நடுவே ஈரமாக நின்றால் வெள்ளைப் பொடியும் துருவும் சேர்ந்து சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் காக் பக்கம்தான் தேங்கும். போல்ட்டில் கொஞ்சம் செம்பு கிரீஸ் தடவி மாட்டுவது இதற்காகத்தான்.

பழைய இங்கிலாந்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அவற்றில் காக் தானே மரையோடு உள்ளே திருகப்படும், பெரும்பாலும் கால் அங்குல பிஎஸ்பி (இங்கிலாந்துக் குழாய் மரை), அங்குலத்துக்கு 19 பல். அந்த டேப் 13 மில்லிமீட்டர் தடிமன், லேசில் உடையாது, உடைந்தாலும் பள்ளம் அகலமானது என்பதால் எக்ஸ்ட்ராக்டரில் வந்துவிடும். துளை டேங்க்குக்குள் திறந்திருப்பதால் சில்லுகள் எல்லாம் உள்ளே விழும், கயிற்றில் கட்டிய காந்தத்தால் ஒவ்வொன்றாக மீட்க வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். டேப் எடுப்பு, மரை, பற்றவைப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் உள் துரு நீக்கம். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை முதல் ஒரு கிலோ சிட்ரிக் அமிலம், கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள். ஒரு நாள் நிற்கட்டும், பிறகு சலவை சோடாத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். சேலத்து வெயிலில் டேங்க் ஒரு மணி நேரத்தில் காயும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் காயாது, கழுவிய கையோடு மஞ்சள் துரு படரும். அங்கே செய்வதாக இருந்தால் கடைசி அலசலுக்குப் பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றிக் குலுக்கி வடித்து, வாசல் வெளியில் ஆவி போகும்வரை வைத்து, டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த மண்ணெண்ணெயால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். டேங்க் சீலர் பூசும் எண்ணம் இருந்தால் இந்த எண்ணெய்க் குளியல் கூடாது, காய்ந்ததும் நேராகச் சீலர். சீலர் பூசிய டேங்க்கில் பிறகு பற்றவைத்தால் அது கருகி உரிந்து கார்புரேட்டரை அடைக்கும்.

பெயின்ட்டுக்கு முன் கசிவு பாருங்கள். காக் தட்டைச் சுற்றி வெளியே சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, போல்ட் துளைகளைத் திறந்தபடி வைத்து, நடுத் துளையை அடைத்து, டேங்க்கை நேராக நிமிர்த்தி இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். நடுத் துளையின் அடைப்பு ஒழுகினால் அந்த ஈரம் கண்ணை ஏமாற்றும், ஆகவே அதை முதலில் இறுக்கமாக்குங்கள். மண்ணெண்ணெய் தண்ணீரை விட நுண்ணிய இடுக்கில் நுழையும், கசிந்தால் வெள்ளையில் கறை காட்டிக்கொடுக்கும். ஒரு இரவு நிற்கட்டும். காற்று அடித்துச் சோதிப்பவர்கள் இரண்டு மூன்று பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள், கம்ப்ரஸரை நேராகக் கொடுத்தால் தகடு உப்பி வடிவம் போய்விடும்.

கடைசியாக போல்ட்டின் நீளம். மூடிய துளை என்பதால் போல்ட் ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் அடியில் முட்டி நிற்கும். கையில் இறுகியது போலத் தெரியும், காக்கின் ரப்பர் மட்டும் அமுங்கியிருக்காது. காக்கை ரப்பர் இல்லாமல் வெறுமனே வைத்து, போல்ட்டைக் கையால் கடைசிவரை திருகிப் பாருங்கள். தலை காதைத் தொட்ட பிறகும் துளையில் ஒன்றரை இரண்டு சுற்று மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நுனியை அரத்தால் குறைத்துவிட்டு, நைட்ரைல் அல்லது விட்டான் ரப்பர் புதிதாகப் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக 7 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள்.